வெள்ளச்சி சீரம்

மீன் இல்லம்மா. மூக்குலேர்ந்து துப்பட்டாவ எடு. கண்டக்டரும் இதத்தான் கேட்டாரு, ஆரப்பாளையத்துல நான் ஏறும்போதே. "பெரியம்மா, மீன் பெட்டிய டிக்கில போடுங்க, பஸ்ஸு பூரா நாறும்"னாரு. தெர்மாகோல் பெட்டின்னா உலகத்துல மீன் மட்டுந்தான் போகுமா? டிக்கில வச்சா வெந்து போயிரும்யா, என் மடியிலயே இருக்கட்டும்னேன். மொறச்சுக்கிட்டே விசில் ஊதிட்டுப் போயிட்டாரு.

உள்ள என்னன்னு கேளேன். கேக்கலயா? பரவாயில்ல, நானே சொல்றேன். கோயம்புத்தூர் போய்ச் சேர அஞ்சு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் முன்சீட்டுக் கம்பியப் பாத்துக்கிட்டா உக்காந்திருக்க முடியும்? நீ பல்லடமா? சரி, பல்லடம் வரைக்கும்.

இது ஆன்டிபாடி. மருந்து இல்ல, யாருக்கும் போடுற ஊசியும் இல்ல. லேப்ல சோதனை பண்றதுக்கு. ஒரு முயலோட ரத்தத்துலேர்ந்து எடுத்தது. ஐயோ, முகத்த அப்படிச் சுளிக்காத, செவப்பா எல்லாம் இருக்காது. ரத்தம் உறைஞ்ச பின்னாடி மேல தெளிவா ஒரு தண்ணி நிக்கும், உருக்கின நெய் நிறத்துல. அதுக்கு சீரம்னு பேரு. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டியூபுல கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு.

இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இது ஒரு ஃப்ரீசருக்குள்ள போயாகணும். செண்பகவல்லின்னு ஒருத்தி, என்கிட்ட படிச்சவ, கோவில்பட்டிக்காரி. இப்ப கோயம்புத்தூர்ல பெரிய லேப் வச்சிருக்கா. அவ வாங்கி வச்சா உண்டு. இல்லன்னா எல்லாம் கெட்டுப் போயிரும், அப்புறம் உலகத்துல வேற எங்கயும் இது கிடையாது. முயலும் போயிருச்சு. வாங்குவாளா மாட்டாளான்னு தெரியல. நாங்க ரெண்டு பேரும் பேசி வருஷக்கணக்காச்சு. நான் வர்றேன்னு அவளுக்குத் தெரியவும் தெரியாது.

அவகிட்ட நான் ஒரு வார்த்த பேச மாட்டேன், இப்பவே சொல்லிடுறேன். பெட்டியக் கையில குடுப்பேன், "வை"ம்பேன், வந்துருவேன். அம்புட்டுதான்.

உன் பேரு என்னம்மா? பாண்டீஸ்வரியா. எங்க லேப்லயும் ஒரு பாண்டீஸ்வரி இருந்தா, கண்ணாடிக் குடுவையெல்லாம் கழுவுறவ. கழுவுனா பளபளன்னு இருக்கும். ஆனா நாலு கழுவுனா ஒண்ணு உடையும். அவ கல்யாணத்துக்கு நாங்க எல்லாரும் சேந்து எவர்சில்வர்லயே பாத்திரம் வாங்கிக் குடுத்தோம், உடைக்க முடியாதுல்ல. அது இருக்கட்டும். நான் என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?

ஆங், ஆன்டிபாடி. உடம்புக்குள்ள ஆகாதது ஒண்ணு வந்துச்சுன்னா, அதப் பிடிக்க உடம்பே ஆள் தயார் பண்ணும். அந்த ஆளுக்கு ஒரே ஒரு முகந்தான் தெரியும். கூட்டத்துல ஆயிரம் பேரு நின்னாலும் அந்த ஒருத்தனப் போய்க் கட்டிக்கும், விடாது. அதுதான் ஆன்டிபாடி. நமக்கு ஒரு புரதத்தப் பத்தித் தெரியணும்னு வச்சுக்கோ. அந்தப் புரதத்த முயலுக்கு ஊசியாப் போடுவோம். முயல் அதுக்கு ஆள் தயார் பண்ணும். அந்த ஆள நாம எடுத்துக்கிட்டா, அந்தப் புரதம் எங்க ஒளிஞ்சிருந்தாலும் காட்டிக் குடுத்துரும். புரியுதா? புரியலன்னாலும் தலையாட்டு, என் ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் அப்படித்தான் பாஸ் பண்ணாங்க.

நான் தேடுனது ஒரு சேதி சொல்ற புரதம். தெருவுல திருடன் வந்தா ஒருத்தன் வீடு வீடா ஓடிப்போய் எழுப்புவான்ல, அது மாதிரி. கிருமி வந்து உடம்புல ஒரு செல்லுக் கதவத் தட்டுனதும் இது உள்ளுக்குள்ள ஓடிப் போய் எழுப்பி விடும். காய்ச்சல் வர்றதே அதனாலதான். அப்ப இந்தியாவுல அதுக்கு ஆன்டிபாடி கிடையாது. வெளிநாட்டுலேர்ந்து வாங்கணும்னா ஆறு மாசம் ஆகும், வந்து சேரும்போது கெட்டுப்போயிருக்கும். நாமளே பண்ணுவோம்னு எறங்கினேன்.

அதுக்குப் பிறந்ததுதான் வெள்ளச்சி. பிறந்ததுன்னா, வாங்கினது. முயலுக்கு நம்பர்தான் போடணும், பேரு வைக்கக் கூடாது, பேரு வச்சா ஊசி போட மனசு வராதும்பாங்க. நான் வச்சேன், ஊசியும் போட்டேன். முயல் காதுல ஒரு நரம்பு ஓடும், வெளிச்சத்துல பாத்தா நீலமாத் தெரியும். அதுலதான் ரத்தம் எடுக்கிறது. மத்தவங்க போனா மூலையில போய் ஒடுங்கிக்கும். நான் போனா காத நீட்டும். நம்ப மாட்ட. காத நீட்டும்மா.

அதுக்குக் காரட்டு நானே பொறுக்கி வாங்குவேன், சென்ட்ரல் மார்க்கெட்டுல. எங்க வீட்டுக்காரரு பேங்க்ல இருந்தாரு, வாயே திறக்காத மனுசன். ஒரு நாள் பையத் தூக்கிக்கிட்டுக் கூட வந்தவரு, "எனக்கு இப்படி ஒரு தடவகூடப் பொறுக்கி வாங்குனதில்லயே நீ"ன்னாரு. தமாஷாத்தான் சொன்னாரு. நல்ல மனுசன். எதுக்கும் குறை சொல்ல மாட்டாரு. பையன் சுதாகரும் அப்படித்தான், எந்தத் தொந்தரவும் குடுக்கல, தானா வளந்துட்டான். பத்தாவது பரீட்சை அன்னைக்கு வெள்ளச்சிக்கு ரத்தம் எடுக்கிற நாளு. "நீ போம்மா, நான் ஆட்டோவுல போய்க்கிறேன்"னுட்டான். அவ்வளவு பொறுப்பு. இப்ப மெல்போர்ன்ல இருக்கான். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போன் பண்ணுவான். போன அடுப்பு மேடையில சாத்தி வச்சுட்டு வெங்காயம் நறுக்கிக்கிட்டே பேசுவான். எனக்கு அவன் கழுத்துதான் தெரியும்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? வெள்ளச்சி.

அந்தப் புரதத்த முயலுக்குப் போடணும்னா முதல்ல அதத் தனியாப் பிரிக்கணும். ஒரு ஜெல்லு ஊத்துவோம், கடல்பாசி காய்ச்சி ஊத்துற மாதிரியே இருக்கும். அதுக்குள்ள கரண்ட் விட்டா புரதமெல்லாம் எடை எடையாப் பிரிஞ்சு கோடு கோடா நிக்கும். நமக்கு வேண்டிய கோட மட்டும் பிளேடால வெட்டி, சிரிஞ்சுக்குள்ள போட்டு நசுக்கி, முயல் முதுகுல ஏத்தணும். சொல்றதுக்குச் சுலபம். ஒரு ஊசிக்கு முப்பது நாப்பது ஜெல்லு ஓட்டணும்.

அப்பல்லாம் லேப்ல கையுறைக்குத் தட்டுப்பாடு. போட்டதையே சோப்புல அலசி, மொட்டமாடியில கொடி கட்டி கிளிப் மாட்டிக் காயப்போட்டு, பவுடர் தட்டி மறுபடி போடுவாங்க. கீழேர்ந்து பாத்தா அஞ்சு விரலும் காத்துல ஆடும், மாடியில பத்துப் பேரு நின்னு டாட்டா காட்டுற மாதிரி இருக்கும். எனக்குக் கையுறை ஒத்துக்காது. கைக்கும் வேலைக்கும் நடுவுல எதுக்கு ரப்பரு? ஒரு அம்மா புள்ளையக் குளிப்பாட்டும்போது கையுறை போட்டுக்கிறாளா? வெறுங்கையாலதான் வெட்டுவேன், வெறுங்கையாலதான் அள்ளுவேன். என் கையப் பாரு. சுத்தம். அப்பவும் இதே சுத்தந்தான்.

வெள்ளச்சியோட சீரத்த முதல் தடவ சோதிச்சுப் பாத்த அன்னைக்கு, அந்தப் புரதம் நிக்கிற எடத்துல கருப்பா ஒரு கோடு விழுந்துச்சு பாரு! ஒரே கோடு. பேனாவால இழுத்த மாதிரி. எந்த செல்லுல போட்டாலும் விழுது, என்னைக்குப் போட்டாலும் விழுது. எங்க டிபார்ட்மென்ட்டே எங்க ரூமுக்கு வந்துருச்சு. ஹெட்டு சாரு அல்வா வாங்கிட்டு வந்தாரு. எனக்கு இனிப்பு ஆகாது, இருந்தும் தின்னேன்.

அப்புறம் ஊரெல்லாம் கேட்டாங்க. தில்லியிலேர்ந்து, புனேயிலேர்ந்து, கல்கத்தாவுலேர்ந்து. "மேடம், கொஞ்சம் வெள்ளச்சி சீரம் அனுப்ப முடியுமா"ன்னு. பேரே அதுதான். தெர்மாஸ் ஃபிளாஸ்குல ஐஸ் போட்டு, டியூப வச்சு, ரயில்ல போற ஆளுங்க கையில குடுத்து விடுவேன். ஒரு தடவ பக்கத்து வீட்டு ரெங்கராஜ் புனேக்கு இன்டர்வியூ போனான். அவன்கிட்ட குடுத்தேன். அவன் என்ன பண்ணான்னா, காட்பாடியில ஐஸ்ஸக் கொட்டிட்டு ஃபிளாஸ்குல காப்பி வாங்கிட்டான்! டியூப சட்டப் பையில போட்டுக்கிட்டான். அங்க போய் இறங்கி, பயந்துபோய், புதுசா ஐஸ் வாங்கிப் போட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நீட்டியிருக்கான். புனேக்காரர் லெட்டர் போட்டாரு, "உங்க சீரம் அற்புதம், ஆனா லேசா காப்பி வாசம் வருது"ன்னு. அப்பவும் கோடு பளிச்சுன்னு விழுந்துச்சாம். அப்பேர்ப்பட்ட சீரம்.

சிரிக்கிறியா? சிரி சிரி. நல்லாருக்கு நீ சிரிச்சா.

செண்பகவல்லி வந்தது அதுக்கு அப்புறம். ரெட்டச் சடை போட்டுக்கிட்டு, ஒரு கையில கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோட வந்து நின்னா. "மேடம், நான் உங்க சீரத்துல வேலை செய்யணும்"னா. உங்ககிட்டன்னு சொல்லல பாரு, உங்க சீரத்துலன்னா. எனக்குப் பிடிச்சுப் போச்சு. நான் என்ன செஞ்சாலும் பக்கத்துல நிப்பா. மத்தியானம் என் டப்பாவுல அவ தின்பா, அவ டப்பாவுல நான் தின்பேன். அவளுக்கு என் வத்தக்குழம்பு, எனக்கு அவ ஹாஸ்டல் புளிசாதம். நான் ஏமாந்தேன்னுதான் சொல்லணும். தலை வாரி விடுங்க மேடம்பா சில நாளு. வாரி விடுவேன். எனக்குப் பொம்பளப் பிள்ள இல்ல.

வெள்ளச்சி செத்தப்ப அவதான் அழுதா. நான் அழல. நான் ரத்தம் எடுத்தேன். கடைசி ரத்தம், அதுதான் நிறையக் கிடைக்கும். இந்தப் பெட்டியில இருக்கிறது அதுதாம்மா.

அவ அந்த சீரத்த வச்சுத்தான் டாக்டர் பட்டம் வாங்கினா. அமெரிக்கா போனா, வந்தா, கோயம்புத்தூர்ல லேப் ஆரம்பிச்சா. கிரகப்பிரவேசம் மாதிரி என்னக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டச் சொன்னா. எல்லாம் நல்லாத்தான் போச்சு.

அப்புறந்தான் இந்தப் புது வித்த வந்துச்சு. ஒரு செல்லுக்குள்ள ஒரே ஒரு புரதத்த மட்டும் இல்லாமப் பண்ணிடலாம். ஜீனையே வெட்டி எடுத்துருவாங்க. அந்தச் செல்லுல எங்க புரதம் கிடையாது. அப்ப அதுல வெள்ளச்சி சீரத்தப் போட்டா ஒண்ணுமே தெரியக் கூடாது, இல்லயா? ஆள் இல்லாத வீட்டுல போய்ப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா பதில் வரக் கூடாதுல்ல?

செண்பகவல்லி போட்டிருக்கா. கோடு பளிச்சுன்னு விழுந்திருக்கு.

விழுந்தா விழுந்துட்டுப் போகுது, வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். இவ பஸ் ஏறி மதுரைக்கு வந்துட்டா. எங்க வீட்டுக்காரரு போய் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. துக்கம் கேக்க வந்திருக்கான்னு நினைச்சு காப்பி கலக்கப் போனேன். "காப்பி வேணாம் மேடம், உக்காருங்க, கோபப்படாமக் கேளுங்க"ன்னா.

"நான் எப்பக் கோபப்பட்டிருக்கேன்?"னு கேட்டேன்.

"அந்தப் புரதம் இல்லாத செல்லுலயும் கோடு வருது மேடம்."

"அப்ப உன் செல்லு தப்பு."

"மூணு லேப்ல பண்ணிப் பாத்தாச்சு மேடம்."

"அப்ப மூணு லேப்பும் தப்பு."

தன் விரல நீட்டிக் காட்டினா. அப்புறம் சொல்றா, "வெறும் தண்ணியில என் விரல முக்கி, அந்தத் தண்ணிய ஜெல்லுல ஓட்டி, வெள்ளச்சி சீரத்தப் போட்டேன் மேடம். வேற ஒண்ணுமே போடல. அப்பவும் அதே எடத்துல கோடு வருது. அது மனுசத் தோல்ல இருக்கிற புரதம். நம்ம புரதமும் அதுவும் ஒரே எடை. ஜெல்ல வெட்டும்போது உங்க கையிலேர்ந்து உதிர்ந்து ஒட்டியிருக்கு. முயலுக்குள்ள போனதுல அதுதான் அதிகம். வெள்ளச்சி அதத்தான் கத்துக்கிட்டிருக்கு. இத்தன வருஷமா இது உங்களத்தான் மேடம் அடையாளம் காட்டிக்கிட்டிருக்கு"ன்னா. சொல்லிட்டு அழறா.

எப்படி இருக்கும் எனக்கு? சொல்லு. என் வீட்டு நாற்காலியில உக்காந்து, என் கை அழுக்குன்னு சொல்றா! இந்தக் கை! இந்தக் கையாலதானே அவளுக்கு வாரி விட்டேன்?

என்ன? அழுக்குன்னு அவ சொல்லலயா? அவ சொன்னதுக்கு வேற என்ன அர்த்தம்? நீ ஏம்மா அவ பக்கம் பேசுற? உனக்கு அவளத் தெரியாது.

"நாம ரெண்டு பேரும் சேந்து இதக் கட்டுரையா எழுதிருவோம் மேடம், முதல் பேரு உங்க பேரா இருக்கட்டும். நாமளே கண்டுபிடிச்சு நாமளே சொன்னதா இருக்கட்டும்"னு கெஞ்சினா. எவளாவது தன் புள்ளைய, இது என் புள்ள இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுப்பாளா? எந்திரிச்சுப் போன்னேன். போயிட்டா. அப்புறம் அவளே எழுதினா. முதல்ல தன்னோட கட்டுரையத்தான் தப்புன்னு திரும்ப எடுத்துக்கிட்டா. பட்டம் வாங்குன கட்டுரை! தன் கண்ணத் தானே குத்திக்கிட்டா, பைத்தியக்காரி. அவ லேப்புக்கு வர வேண்டிய பணமெல்லாம் ரெண்டு வருஷம் நின்னு போச்சுன்னு கேள்விப்பட்டேன். படட்டும்னு இருந்தேன். அந்தப் புதுக் கட்டுரை கடைசியில, எனக்கு வேலை கத்துக்குடுத்த கைகளுக்கு நன்றின்னு எழுதி என் பேரப் போட்டிருந்தா. எப்படிக் குத்திக் காட்டுறா பாத்தியா?

அதோட தில்லி, புனே, கல்கத்தா எல்லாம் நின்னு போச்சு. ஒருத்தர் கேக்கல. டிபார்ட்மென்ட்ல எடம் இல்லன்னு டியூப எல்லாம் எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. வீட்டுல வைக்க ஃப்ரீசர் வேணுமே. ஐஸ்கிரீம் கடை ஒண்ணு மூடினாங்க, அவங்ககிட்ட பழைய ஃப்ரீசர் வாங்கினேன். மேல கோன் ஐஸ் படமெல்லாம் போட்டிருக்கும். ஹால்ல வச்சிருந்தேன். ஜன்னல் வழியாப் பாத்துட்டுத் தெருப் பிள்ளைங்க வந்து பெல் அடிக்கும், "பாட்டி, ஐஸ் இருக்கா"ன்னு. இல்லடா, உள்ள முயல் ரத்தந்தான் இருக்குன்னா ஓடிருங்க. அப்புறம் நானே கொஞ்சம் குச்சி ஐஸ் வாங்கி வச்சேன். வர்ற பிள்ளைங்கள வெறுங்கையோட அனுப்பக் கூடாதுல்ல? நாலு மணி ஆனா வரும். லீவு விட்டுட்டா ஊருக்குப் போயிருங்க.

ஃப்ரீசர் ஓடுற சத்தம் நல்லாருக்கும். வீட்டுல ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்.

தாராபுரம் வந்துருச்சா? பஸ்ஸு டீக்கு நிக்கும். பாண்டீஸ்வரி, ஒரு உதவி பண்ணும்மா. இந்தப் பெட்டியக் கொஞ்சம் திறந்து பாக்கிறேன். ஐயோ, முக்காவாசி தண்ணியாயிருச்சே. டியூபெல்லாம் மெதக்குது பாரு. அங்க ஜூஸ் கடை தெரியுது, கொஞ்சம் ஐஸ் வாங்கிட்டு வர்றியா? எனக்குப் படி எறங்கி ஏற முடியல. கட்டி ஐஸா வேணாம், உடச்சதா கேளு. ஓடு, ஓடு. டிரைவர்ட்ட நான் சொல்றேன்.

யோவ் டிரைவர் தம்பி, எடுத்துராத! எங்க வீட்டுப் பொண்ணு எறங்கியிருக்கு!

வந்துட்டியா. மகராசி. தண்ணிய ஜன்னல் வழியா ஊத்திருவோம். கீழ நிக்கிற அந்தாளு மேல படல, திட்டினா திட்டட்டும். இப்ப ஐஸ்ஸப் போடு, சுத்தி வை. நடுவுல டியூப். பாத்தியா, எவ்வளவு சின்னதா இருக்கு. இதுக்குத்தான் இத்தன கூத்தும். கை மரத்துப் போச்சா? இங்க குடு, தேய்ச்சு விடுறேன். குடும்மா.

நான் ஒண்ணு சொல்லவா? செண்பகவல்லி சொன்னதெல்லாம் சரின்னே வச்சுக்குவோம். அப்பவும் இதுல கொஞ்சமாவது எங்க புரதத்தப் பிடிக்கிறதும் இருக்கும். நூறுல பத்துப் பங்காவது இருக்கும். அந்தத் தோல் புரதம், கெரட்டின்னு பேரு, அதப் பிடிக்கிறத எல்லாம் வடிச்சு எடுத்துட்டா மிச்சம் நிக்கும். பின்னால எவனாவது புத்திசாலி வந்து பாப்பான். அதுவரைக்கும் இது ஃப்ரீசர்ல இருக்கணும். நான் அவகிட்ட வேற எதுவும் கேக்கல. ஃப்ரீசர்ல ஒரு மூலை. அவ்வளவுதான்.

என்ன கேட்ட? மேல இருக்கிற சூட்கேஸ், ரெண்டு பையி எல்லாம் என்னோடதான். குடுத்துட்டு உடனே திரும்புறதுக்கு எதுக்கு இவ்வளவா? கண்ணுல ஒண்ணும் தப்ப மாட்டேங்குது உனக்கு.

சுதாகர் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கான். கோயம்புத்தூருக்கு வெளிய, மலை பாத்த மாதிரி, பெரியவங்களுக்குன்னே கட்டியிருக்காங்க. முதியோர் இல்லம்னு சொல்லாத! அது வேற. இது வில்லா. சமையல் அவங்களே, டாக்டர் அங்கயே, யோகாவும் உண்டாம். மதுரை வீடு போன வாரமே கை மாறிருச்சு. சாமான் எல்லாம் வித்தாச்சு, இன்னைக்குக் காலையில ஃப்ரீசரும் போயிருச்சு, ஒரு பரோட்டா கடைக்காரன் வாங்கிட்டுப் போயிட்டான். வில்லாவுல ஃப்ரீசர் வைக்கக் கூடாதாம். "ரத்தமெல்லாம் வைக்கக் கூடாது மேடம், மத்த ரெசிடென்ட்ஸ் பயப்படுவாங்க"ன்னு போன்ல ஒரு பொண்ணு இங்கிலீஷ்ல சொல்றா. ரத்தம் இல்லம்மா சீரம்னேன். "ஓகே மேடம், அதுவும் கூடாது"ன்னுட்டா.

அதனாலதான் செண்பகவல்லிகிட்ட போறேன். இல்லன்னா அவ வாசப்படிய நான் ஏன் மிதிக்கிறேன்?

சுதாகர் வந்து கூட்டிட்டுப் போறேன்னுதான் சொன்னான். அவனுக்கு லீவு கிடைக்கல. கார் அனுப்புறேன்னான், வேணாம்னுட்டேன். காருல போனா யார்கிட்ட பேசுறது? டிரைவர் காதுல எதையாவது மாட்டிக்குவான்.

ஏம்மா, உன் போன்ல ஒரு கால் போட முடியுமா? அவ லேப்ல இல்லாமப் போயிட்டா இந்தப் பெட்டிய வச்சுக்கிட்டு நான் எங்க நிப்பேன்? என் போன்லேர்ந்து போட மாட்டேன். என் பேரப் பாத்தா எடுக்க மாட்டா. எப்ப கடைசியா கூப்பிட்டேன்னு கேக்கிறியா? நான் ஏன் கூப்பிடணும்? அவதான் கூப்பிடுவா. பொங்கலுக்குக் கூப்பிடுவா, ஆசிரியர் தினத்துக்குக் கூப்பிடுவா. நான் எடுக்க மாட்டேன். அடிக்கட்டும்னு பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். போன ஆசிரியர் தினத்துக்குக் கூப்பிடல. அன்னைக்குப் பூரா போன சார்ஜ்ல போட்டு, பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். அடிச்சா எடுக்கக் கூடாதுன்னுதான்.

நம்பரு எனக்கு மனப்பாடம், சொல்றேன், போடு. நீயே பேசு. நான் பேச மாட்டேன்.

ரிங்கு போகுதா? ...எடுத்துட்டாளா! சொல்லு. மதுரையிலேர்ந்து சௌந்தரா மேடம் வர்றாங்கன்னு சொல்லு. பஸ்ல பக்கத்துல இருக்காங்கன்னு சொல்லு. சீரம் கொண்டு வர்றாங்க, ஃப்ரீசர்ல வைக்க எடம் வேணுமாம்னு சொல்லு.

என்ன? லைன் கட்டாயிருச்சா? இல்லயா? அழறாளா? இவ எதுக்கெடுத்தாலும் அழுவா, முயலுக்கே அழுதவ. சீக்கிரம் சொல்லச் சொல்லு, உன் பேலன்ஸ் தீந்துரும்.

எத்தன டியூப்னு கேக்கிறாளா? எல்லாந்தான்னு சொல்லு. எல்லாத்தயும் கொண்டு வந்துட்டேன். எங்க எறங்குறேன்னு கேக்கிறாளா? சிங்காநல்லூர். என்ன? அவளே வர்றாளா? பஸ் ஸ்டாண்டுக்கா? ஐஸ் பெட்டி எடுத்துக்கிட்டு வர்றாளா?

பாத்தியா! பாத்தியா பாண்டீஸ்வரி! பயந்துட்டா. தான் செஞ்சது தப்புன்னு உள்ளுக்குள்ள உறுத்துது, அதான் ஓடி வர்றா. எனக்குத் தெரியும். ஒரு மூலை கேட்டேன், ஆளே வர்றா. ஐஸ் பெட்டியெல்லாம் வேணாம்னு சொல்லு, புதுசா ஐஸ் போட்டிருக்கு. இல்ல இல்ல, சொல்லாத. வேணாம்னு சொன்னா வராம இருந்துரப் போறா.

என்ன கேக்கிறா இப்ப? கூட யாரு வந்திருக்காங்கன்னா?

சொல்லு... நீ என்ன சொல்லப் போற? இரு. என் தங்கச்சி பேத்தின்னு சொல்லு. கூட வந்திருக்கேன்னு சொல்லு. சொல்லும்மா. தனியா வந்தேன்னு அவகிட்ட சொல்லாத. ம். அவ்வளவுதான், வை. வச்சுரு.

வச்சுட்டியா. என்ன சொன்னா கடைசியா? "நல்ல வேளை, தனியா வரலயே"ன்னாளா. ம்.

என் தலை எப்படி இருக்கு? காத்துல கலைஞ்சு போயிருக்கும். சீப்பு பையில எங்கயோ இருக்கு. நீ வச்சிருக்கியா? குடு. நானே வாரிக்கிறேன். அவ என்னப் பாத்து எத்தன வருஷமாச்சு, கெழவியாயிட்டாங்களேன்னு நினைப்பா. நினைக்கட்டும். அவளுக்கு மட்டும் வயசாகியிருக்காதா? ரெட்டச் சடையா போட்டிருக்கப் போறா? முதல்ல என்ன சொல்லுவா தெரியுமா? மேடம்பா. நான் ஒண்ணும் பேச மாட்டேன். பெட்டிய நீட்டுவேன். அப்புறம் அந்த சூட்கேஸ், பையெல்லாம் பாப்பா. இதெல்லாம் என்ன மேடம்னு கேப்பா. அதுக்கு என்ன சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன். வில்லான்னு சொல்லணும். நல்ல வசதியாம், மலை தெரியுதாம்னு சொல்லணும். நீ கேட்டப்ப நான் சொன்னது சரியா இருந்துச்சா? நம்புற மாதிரி இருந்துச்சா?

இது பல்லடமா? அதுக்குள்ளயா? இப்பத்தானே தாராபுரத்துல ஐஸ் வாங்கின?

பாண்டீஸ்வரி, நீ சிங்காநல்லூர் வரைக்கும் வரக் கூடாதா? டிக்கெட் நான் எடுத்துடுறேன். கொஞ்ச தூரந்தாம்மா. அவ வர்ற வரைக்கும் சும்மா பக்கத்துல நில்லு, அப்புறம் நீ திரும்பி வந்துரலாம். தங்கச்சி பேத்தின்னு சொல்லியாச்சு பாரு. இப்ப நீ இல்லாம நான் மட்டும் எறங்கினா... புள்ளையக் கூப்பிடணுமா? எத்தன மணிக்கு ஸ்கூல் விடும்? ஓ. அப்ப முடியாது. முடியாது, முடியாது. நீ எறங்கு. புள்ள வாசல்ல நிக்கும். ஒரு நிமிஷங்கூட நிக்க விடாத. எந்திரி, கண்டக்டர் கத்துறாரு. பாத்து, படி ஒசரம்.

பாண்டீஸ்வரி! போறதுக்கு முன்னால இந்தப் பெட்டிய என் மடியிலேர்ந்து எடுத்து உன் சீட்டுல வச்சுட்டுப் போம்மா. எனக்குத் தூக்க முடியல. ம், அங்கதான். நேரா வை. அந்த எடத்துல யாரும் உக்கார வேணாம். கேட்டாங்கன்னா ஆள் வருதுன்னு சொல்லிக்கிறேன்.